ஆண்டனி ராஜ் ஊசி வாங்கப் போனார்

அத்தியாயம் 17

கீர்த்திகா எங்கே வேலைக்குப் போகிறாள் என்று நாகலூர் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே மனிதர் அவளுடைய மாமனார் ஆண்டனி ராஜ்தான்.

அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. "அந்தப் பொண்ணு பேச்சு என் காதுல உழுகக் கூடாது" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் உத்தரவு போட்டவர் அவரேதான். குடும்பம் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்ததும் அவளைப் பற்றிய பேச்சுதானே? அதையும் யாரும் அவர் காதில் போடவில்லை.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு, அந்த உத்தரவு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஆண்டனி ராஜ் மலைப்பாதையில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மாரமங்கலத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டிலிருந்து ஒரு பிரயாணி எழுந்து வந்து, "ஏனுங்க டிரைவரே, பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சாமே, எங்களுக்கெல்லாம் சோறு கெடையாதுங்களா?" என்று கேட்டார். மகன் பென்னி, மாரமங்கலத்துப் பெரியண்ணனின் மகள் கீர்த்திகாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி, பெற்ற தகப்பனுக்கு வந்து சேர்ந்த லட்சணம் அது.

காதல் கல்யாணம் என்பதோ, பெண் வேறு மதம் என்பதோ அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறிய ஆள் சொல்லித் தனக்குத் தெரிய வேண்டியிருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதே ஆத்திரத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய்ப் பெரியண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, ஊரே கூடும்வரை ஹாரனை அழுத்தினார். விஷயம் பெரியண்ணனுக்கும் அப்போதுதான் தெரியும். இரண்டு தகப்பன்களும் நடுரோட்டில் நின்று போட்ட சத்தத்தில், பிரயாணிகள் இறங்கி நடந்தே போய்விட்டார்கள். அன்றிலிருந்து பெரியண்ணன் அவர் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. மிளகு மூட்டையோடு ஜீப்புக்காகக் காத்துக் கிடப்பாரே தவிர, ஆண்டனி ராஜின் வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மகனை ஒரே வாரத்தில் மன்னித்துவிட்டார் ஆண்டனி ராஜ். மருமகளை மன்னிக்கவில்லை. எந்த ஊரில்தான் இந்த நியாயம் சரியாக நடக்கிறது?

உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் முதல் கிறிஸ்மஸுக்கு முன்பே வடிந்துபோயிற்று. ஆனால் பேசாமல் இருந்து பழகிய வாய்க்கு எங்கே, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்றைக்குப் பேசலாம் என்று நினைப்பார்; அவள் எதிரே வந்ததும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக் காலை, கீர்த்திகா பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள்.

இன்று சனிக்கிழமை காலையும் நாகலூர் வீட்டில் வழக்கம்போலத்தான் விடிந்தது. வெளியே பனிமூட்டம். காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் மட்டும் ரோட்டிலிருந்து கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. அடுப்படியில் அவர் மனைவி அமலி, மருமகளோடு கொடுத்தனுப்ப ரவை லட்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அமலி, காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லு" என்றார் ஆண்டனி ராஜ். கீர்த்திகா அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

"அத்தை, சூடு பண்ணித் தர்றனுங்கன்னு சொல்லுங்க."

"வேண்டாம், நேரமாச்சுன்னு சொல்லு. அது கெளம்பட்டும்."

அமலி லட்டைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நான் என்ன இந்த ஊட்டுக்குக் கண்டக்டரா? முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டே இருக்கறேன். கழுத்துல விசிலு மட்டுந்தான் பாக்கி!"

கீர்த்திகா சிரிப்பை அடக்கிக்கொண்டு சால்வையை இழுத்துப் போர்த்தினாள். வெளியே பென்னி பைக்கை முடுக்கும் சத்தம் கேட்டது. இந்த நிலைமையில் பைக்கா, மெதுவாகப் போகச் சொல்லக் கூடாதா என்று ஆண்டனி ராஜின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய்தான் திறக்கவில்லை.

"பென்னி! பள்ளத்துல பாத்து ஓட்டு!" என்று மகனைப் பார்த்துக் கத்தியதோடு சரி.

அவள் ஏதோ வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் அவர் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பைக் சத்தம் தேய்ந்ததும் அமலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் போனா அவ கொழந்தையோடதான் திரும்பி வருவா. குல்லா என்னாச்சு?"

இந்தக் குல்லா விஷயம் அந்தக் குடும்பத்துக்கே உரிய ஒன்று. ஆண்டனி ராஜின் தாத்தா ஒரு எஸ்டேட் பங்களாவில் காவல்காரராக இருந்தவர். அந்தப் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி, குளிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று ஸ்வெட்டர் பின்னக் கற்றுக் கொடுத்தாளாம். அன்று தொட்டு அந்த வீட்டில் ஒரு வழக்கம். பிறக்கிற குழந்தைக்கு ஸ்வெட்டர், காலுறை, போர்வை எல்லாம் யார் வேண்டுமானாலும் பின்னலாம். தலையில் வைக்கும் முதல் குல்லாவை மட்டும் அப்பாவின் அப்பாதான் பின்ன வேண்டும். பென்னிக்கு அவன் தாத்தா பின்னினார். இப்போது முறை ஆண்டனி ராஜுடையது. அவரோ ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்தறியாதவர்.

அதுகூடப் பரவாயில்லை. வழக்கத்தில் இன்னொரு பாதியும் இருந்தது.

"நூல் நுனியப் புள்ளத்தாச்சி கையால வாங்கோணும்" என்றாள் அமலி. "அதும் பேர் சொல்லிக் கேட்டு வாங்கோணும். மறந்துபோச்சுன்னு சொல்லிராதீங்க."

"மறக்கல."

"உங்கப்பா என்கிட்டக் கேட்டது இன்னும் காதுல இருக்குது. 'அமலி, நூல் குடும்மா'ன்னு கையை நீட்டுனாரு. கல்யாணம் ஆயி வருசம் திரும்பிருச்சு, அதுவரைக்கும் நான் விருந்தாடியாட்டம்தான் இருந்தேன். அன்னிக்குத்தான் இது நம்ம ஊடுன்னு எனக்குத் தோணுச்சு."

ஆண்டனி ராஜ் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை, பாவம். ஒரு மாதமாகக் கொட்டகையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்து ரகசியமாகப் பின்னிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊசிக்குப் பழைய சைக்கிளின் கம்பி இரண்டைக் கழற்றி, முனையை அரத்தால் தேய்த்துக்கொண்டார். ஊசி கேட்டால் அமலிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அமலிக்கு முதல் நாளே தெரியும் என்பது வேறு விஷயம்.

"கம்பிய வெச்சுக் கொட்டகையில என்ன பின்னுனீங்கன்னு நான் பாத்துட்டேன்" என்றாள் அவள். "கொழந்த தலைக்குப் பின்னுனீங்களா, கொழாய்க்கு மூடி பின்னுனீங்களா? லேக் ரோட்டுல சுகுணா கடை இருக்குது. எல்லாத் தினுசு ஊசியும் வெச்சிருக்கறா. போயி ஒழுங்கா ஒரு செட்டு வாங்கிட்டு வாங்க."

"சரி, ஊசி வாங்கறேன். நூல் விசயம் அப்புறம் பாக்கலாம்."

"எப்பொ அப்புறம்? நாளைக்கு அவ மாரமங்கலம் போயிட்டா, அங்க போயிக் கேப்பீங்களா?"

மாரமங்கலம் என்றதும் ஆண்டனி ராஜ் எழுந்து செருப்பைத் தேடினார். பெரியண்ணன் வாசலில் போய் நிற்பதற்கு, பிரேக் இல்லாத வண்டியில் சேலத்துக்கு இறங்குவதே மேல் என்பது அவர் எண்ணம். கேட்க வேண்டுமென்றால் இன்றைக்குள் கேட்டாக வேண்டும். இது அவருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர் கேட்டைத் தாண்டியதும் அமலி போனை எடுத்தாள்.

"சுகுணா, அவரு வர்றாரு. நீ எங்கயாச்சும் டீ குடிக்கப் போயிரு. சீக்கிரம் வந்துராத."

ஏற்காடு லேக் ரோட்டில் அந்த நேரத்துக்கே சுற்றுலா வந்தவர்களின் வேன்கள் வரிசை கட்டி நின்றன. சுகுணா கடை வாசலில் குல்லாக்களும் சால்வைகளும் தொங்கின. ஆண்டனி ராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார். கூட வண்டி ஓட்டிய ஆள் யாராவது பார்த்து, ஊசியா வாங்குகிறாய் என்று கேட்டுவைத்தால் என்ன பதில் சொல்வது? தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று நிச்சயம் ஆனதும் சட்டென்று உள்ளே நுழைந்தார்.

"கடையில யாருங்க?"

"வந்தனுங்க" என்று மேஜைக்குப் பின்னால் குனிந்திருந்த பெண், அட்டைப்பெட்டி ஒன்றை அணைத்தபடி நிமிர்ந்தாள்.

கீர்த்திகா!

இரண்டு பேருமே அப்படியே நின்றுவிட்டார்கள். ஆண்டனி ராஜின் கால் தானாக வாசல் பக்கம் திரும்பிற்று. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லை. சொல்லியனுப்ப அமலியும் இல்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை ஓரத்தில் ஒரு குழந்தைப் பொம்மை நின்றிருந்தது. சிவப்பு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டி, இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதைப் பார்த்துப் பேசினார்.

"ஸ்வெட்டர் பின்ற ஊசி வேணும்."

கீர்த்திகாவுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. இரண்டு வருஷப் பழக்கமல்லவா? அவளும் பொம்மையின் பக்கம் திரும்பினாள்.

"எந்த மாதிரி ஊசின்னு கேளு சாமி. அலுமினியம் இருக்குது, ஸ்டீல் இருக்குது, பிளாஸ்டிக் இருக்குது, மூங்கில் இருக்குது."

"நல்லா கெட்டியா, ஒடம்பு பெருத்ததா வேணும்னு சொல்லு. பெரிய நம்பரா குடுக்கச் சொல்லு."

"பெரிய நம்பருன்னா மெலிசுன்னு சொல்லு. நம்பரு ஏற ஏற ஊசி எளைக்கும்."

"அதென்ன கணக்கு, தலைகீழா?"

இதைப் பொம்மையிடம்தான் கேட்டார் என்றாலும், பார்வை ஒரு கணம் அவள் பக்கம் ஓடித் திரும்பியது. அவள் பெட்டிகளைத் திறந்து ஊசிகளை மேஜைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால், எது எந்தப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு முனையிலும் கூர் உள்ள குட்டை ஊசிகள் ஐந்து, ஒரே கட்டாக வந்தன.

"குல்லாவுக்கு இதுதான் நல்லதுன்னு சுகுணா அக்கா சொல்லுவாங்க. தையலே வராது" என்றாள் பொம்மையிடம்.

"அஞ்சு ஊசியா? இருக்கறது ரெண்டு கையின்னு சொல்லு."

அடுத்து வந்தது இரண்டு சின்ன ஊசிகளை ஒரு நைலான் வயரால் இணைத்த வட்ட ஊசி. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஆண்டனி ராஜ். சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான், வரிசைக்கு வரிசை திருப்ப வேண்டியதில்லை என்று அவள் பொம்மைக்கு விளக்கினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆயுசு முழுக்க வளைவில் வண்டியைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை போன மனிதருக்கு, திருப்பமே இல்லாத ஒரு ரோடு என்றால் சும்மாவா!

"இதையே குடுக்கச் சொல்லு!"

"கொழந்த தலைக்கு இந்தச் சுத்து பெருசுன்னு சொல்லு. வாங்கறவங்க தலைக்கு வேணும்னா சரியா இருக்கும்."

அப்போது போட்டோக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தச் சால்வை... யார்கிட்டப் பேசறீங்க ரெண்டு பேரும்?"

ஆண்டனி ராஜ் ஊசியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டார். "எங்க மாமாங்க" என்றாள் கீர்த்திகா, எதைக் கேட்டார்களோ அதற்குச் சம்பந்தமில்லாமல். அந்தப் பெண் பொம்மையை ஒரு தரம், மாமாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சால்வை வாங்காமலேயே போய்விட்டாள்.

ஆண்டனி ராஜ் சட்டைப் பையில் கைவிட்டுத் தான் பின்னிய மாதிரியை எடுத்து மேஜையில் வைத்தார். வேறு வழி இல்லை. வாயால் சொல்ல வராததை இதாவது சொல்லட்டும்.

கீர்த்திகா அதை எடுத்தாள். தட்டிப் பார்த்தாள், டொக்கென்று சத்தம் வந்தது. அவ்வளவு இறுக்கம். கீழே அகலமாக ஆரம்பித்து, மேலே போகப் போகச் சுருங்கி, கடைசியில் கூம்பாக முடிந்திருந்தது. நூல் வளையங்களான கண்ணிகள் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டாக நழுவி விழுந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தே விட்டாள்.

"ஏறுனவங்கல்லாம் பாதி வழியிலயே எறங்கிட்டாங்க போலிருக்குதே!"

யாராவது வேறு ஆள் சொல்லியிருந்தால் ஆண்டனி ராஜுக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் அவள் சிரித்த சிரிப்பில் வஞ்சகமே இல்லை. அவர் உதட்டோரமும் துடித்தது. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார்.

அவள் கொஞ்சம் நூலை எடுத்து, பிளாஸ்டிக் ஊசியில் கண்ணி போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். "பின்னிக் காட்டச் சொல்லு சாமி."

அவர் பின்னினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசியை முஷ்டியால் இறுக்கிக்கொண்டு பின்னினார். நான்காவது கண்ணியில் பிளாஸ்டிக் ஊசி வளைந்தது. ஐந்தாவதில் டக்கென்று உடைந்து, ஒரு துண்டு பறந்துபோய்ப் பொம்மையின் வயிற்றில் பட்டு விழுந்தது.

அலுமினிய ஊசி உடையவில்லை. ஆனால் குளிரில் சில்லென்று கையைக் கடித்தது, கண்ணிகளும் சர்ரென்று வழுக்கின. ஒன்று விழப் போனது. அதைப் பிடிக்கப் போக மற்றொன்று விழுந்தது. விழுந்துவிடும் என்ற பயத்தில் இன்னும் இறுக்கினார். இறுக்கியதும் ஊசி உள்ளே நுழையவே மறுத்தது. ஸ்டீலிலும் இதே கதைதான்.

கீர்த்திகா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்குதுன்னு பயந்து புடிக்கறாங்க" என்றாள் மெதுவாக. "புடிக்கப் புடிக்க இன்னும் இறுகுது."

இந்தத் தடவை அவள் பொம்மையைப் பார்த்துச் சொன்னாளா, அவரைப் பார்த்துச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஊசியைத்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்கு எங்கோ உறைத்தது.

அடுத்து அவள் மூங்கில் ஊசி ஒரு ஜோடியை எடுத்தாள். எட்டாம் நம்பர், சைக்கிள் கம்பியைவிட நன்றாகத் தடித்தது. கண்ணி போட்டுக் கொடுத்தாள். கையில் வாங்கியதுமே அது சில்லென்று இல்லை. எடையும் இல்லை. நூல் ஊசியில் வழுக்காமல், போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணி எடுத்தார், ஓடவில்லை. இன்னொன்று எடுத்தார், அதுவும் ஓடவில்லை. முஷ்டி அவருக்கே தெரியாமல் தளர்ந்தது. ஒரு வரிசை முடிந்தது. திருப்பினார். அடுத்த வரிசையும் முடிந்தது. எண்ணிப் பார்த்தார், போட்ட கண்ணி அத்தனையும் பத்திரமாக இருந்தது.

"பாரு!" என்று ஊசியைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணுகூட உழுகல, பாரு! எல்லாம் அப்படியே இருக்குது, பாரு நீ!"

பொம்மையிடம் அல்ல. நேராக அவள் முகத்தைப் பார்த்து.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. கீர்த்திகாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் அவள் அதைத் துடைக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பாத்துட்டேனுங்க மாமா. நொம்ப நல்லா வந்திருக்குதுங்க."

இரண்டு வருஷம் அவரை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த 'மாமா'வில் இறங்கிப்போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கூடவே சந்தோஷமும் வந்தது.

"அந்தக் கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு" என்றார். "எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. நெசமாத்தான் சொல்றேன்."

"எனக்கும் தெரியலீங்க மாமா. நீங்க வர்றப்ப எல்லாம் எதாச்சும் பேசலாம்னு நிப்பேன். நீங்க ஜன்னலப் பாப்பீங்க."

"ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்ல" என்றார் அவர், அதை ஒப்புக்கொள்வதில் ஒரு நிம்மதியோடு.

மேஜைமேல் இளமஞ்சள் உல்லன் உருண்டை ஒன்று இருந்தது. அவள் அதை வேண்டுமென்றே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வழக்கம் அவளுக்குத் தெரியும். அமலி சொல்லாமல் விட்டிருப்பாளா? நூல் நுனி அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது. அவள் காத்திருந்தாள்.

ஆண்டனி ராஜ் மூங்கில் ஊசிகளை மேஜையில் வைத்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். வலது கையை நீட்டினார்.

"கீர்த்திகா" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கீர்த்திகா, நூல் குடும்மா."

அவள் இரண்டு கையாலும் உருண்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிற்று.

"உங்க வாயில என் பேரு வராமயே போயிருமோன்னு நான் நொம்ப நாளா நெனச்சுட்டிருந்தனுங்க மாமா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "ஆனா நூல இங்க தர மாட்டனுங்க" என்றாள்.

ஆண்டனி ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஏன்?"

"இது கடைங்க. இங்க குடுத்தா யாவாரம் மாதிரி இருக்குது. நாளைக்கு எங்கூட மாரமங்கலம் வாங்க. எங்கப்பாவும் அம்மாவும் பாக்க, எங்க ஊட்டுல வெச்சு, இதே மாதிரி என் பேரச் சொல்லிக் கேளுங்க. அங்க தர்றேன்."

"உங்கப்பா என்னைய வாசல்லயே நிறுத்திப்போடுவாரு."

"நிறுத்துனா நில்லுங்க மாமா. நீங்க அந்த வாசல்ல ஒரு பஸ்ஸையே நிறுத்துனீங்கல்ல?"

நியாயமான கேள்விதான். மருமகளுக்கு இவ்வளவு பேச வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. இந்தப் பேச்சைக் கேட்காமல் இரண்டு வருஷத்தை வீணடித்தோமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடிற்று. அவரையும் மீறிச் சிரித்துவிட்டார்.

"கேட்டுப் பாரு. அவரு வரச் சொன்னா வர்றேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டாள். மணி அடித்தது. எடுக்க வேண்டுமே என்றும், எடுக்காமல் இருக்கட்டுமே என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டார் ஆண்டனி ராஜ்.

"சொல்லு கண்ணு" என்றது பெரியண்ணனின் குரல். காற்று இரைச்சல் கேட்டது, தோட்டத்தில் இருந்தார் போலிருக்கிறது. "நேரத்துக்குச் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. நாளைக்கு எங்கூட எங்க மாமாவும் வரட்டுங்களான்னு கேக்கறேன்."

"யாரு, அந்த பஸ்ஸுக்காரரா?"

"ஆமாங்கப்பா."

ஆண்டனி ராஜ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வரட்டும்" என்றார் பெரியண்ணன். "வர்ற மனுசன வேண்டாம்னு சொல்ற பழக்கம் நம்மூட்டுல இல்ல. ஆனா அவருகிட்ட ஒரு கேள்வி கேக்கோணும்னு ரெண்டு வருசமா வெச்சிருக்கறேன். அதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ள கால வெக்கோணும். அப்படின்னு அவருகிட்ட நீ சொல்லிப்போடு கண்ணு."

கீர்த்திகா நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

ஆண்டனி ராஜ் கையை நீட்டினார்.

"நீ சொல்ல வேண்டாம். போனக் குடு கண்ணு."

அவள் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

"சம்பந்தி, நான் ஆண்டனி ராஜ் பேசறேனுங்க. நடுவுல ஆளு வேண்டாம். என்ன கேக்கோணுமோ என்னையவே கேளுங்க."

மறுமுனையில் பெரியண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.